வியாபாரிகளுக்கு ஆங்கிலப் பாடம்: சின்னச் சொற்களைக் கவனியுங்கள்



சென்ற கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்த சமயம், சகோதரர் ஒருவர் நம்மிடம் வந்து, "காக்கா, காலையிலிருந்து இரவு வரை கடையில் இங்கிலீஷ்தான் பேசுகிறோம். ஆனால் இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்துவிட்டால் பிள்ளைகளைத் தேட வேண்டியிருக்கிறதே, இதற்கு என்ன வழி?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த ஆசிரியர், "அதையே எழுதிக் கொடுங்களேன்" என்று சொல்லிவிட்டார். நாம் பண்டிதரல்ல. ஊரில் மத்ரஸாவிலும் ஆரம்பப் பள்ளிக்கூடத்திலும் படித்ததோடு நமது படிப்பு முடிந்தது. தராசு பிடித்த கை இது. ஆயினும் இந்த விஷயத்தில் நாம் ஒரு பெரிய விலை கொடுத்துப் பாடம் படித்தவர்கள் ஆதலால், அந்த உரிமையில் எழுதத் துணிந்தோம்.

முதலில் அந்த விலை என்னவென்று சொல்லிவிடுகிறோம். தேக்காவில் நமது தாய்மாமன் 1988 முதல் நடத்தி வந்த மளிகைக் கடை நமக்கு வந்தது. மாமா ஊருக்குத் திரும்பும்போது சாவியைக் கொடுத்து, "மாப்பிள்ளை, சரக்கைப் பார்ப்பது போல கடிதாசியையும் பார்த்துக்கொள்" என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தையின் பாரம் அப்போது நமக்கு விளங்கவில்லை. கடையின் வாடகை ஒப்பந்தம் 2017 டிசம்பர் 31 உடன் முடிய இருந்தது. அதைப் புதுப்பிக்க விரும்பினால் எப்போது தெரிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. நாமும் அதை வாசித்தோம். ஒரு முறை அல்ல, இரண்டு முறை வாசித்தோம். அதில் இருந்த வாசகம், "நாட் லெஸ் தான் த்ரீ மந்த்ஸ் பிஃபோர் தி எக்ஸ்பைரி" என்பது. நமது கண் "லெஸ்" என்பதையும் "த்ரீ மந்த்ஸ்" என்பதையும் பிடித்துக்கொண்டது. முடிவதற்கு முன் மூன்று மாதத்திற்குள்ளாக எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம் என்று முடிவு கட்டி, நவம்பர் 14ஆம் தேதி நல்ல சட்டை அணிந்துகொண்டு போய்க் கடிதத்தைக் கொடுத்தோம். கட்டடத்தின் சொந்தக்காரர் மரியாதையாகவே பேசினார். செப்டம்பர் 30க்கு முன் வந்திருக்க வேண்டும் என்றும், இடத்தை வேறொருவருக்குப் பேசி முடித்தாகிவிட்டது என்றும் சொன்னார். அவர் மீது தப்பில்லை. "நாட்" என்ற ஒரு சிறு சொல்லை நாம் விழுங்கிவிட்டோம். அது நமது கடையை விழுங்கிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அந்த வாசகத்தைத் தமிழில் சொல்லுக்குச் சொல் வைத்துப் பார்த்திருந்தாலே போதும். "மூன்று மாதத்திற்குக் குறையாமல்" என்று நமது பாஷையிலேயே அது அழகாக இருக்கிறது. ஊரில் நிலம் பேசினாலும் கல்யாணம் பேசினாலும் நாம் தினசரி சொல்கிற சொல்தான். ஆனால் நாம் மெதுவாக வாசிக்கவில்லை. அதை விடப் பெரிய குற்றம், நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நமது மகளிடம் அந்தத் தாளை நீட்டி, "இது என்ன சொல்கிறது?" என்று கேட்க வெட்கப்பட்டோம். பிற்பாடு அவளிடம் காட்டினோம். ஒரு நிமிஷத்தில் வாசித்துவிட்டு, "வாப்பா, இது மூன்று மாதமோ அதற்கு மேலோ என்றுதானே இருக்கிறது?" என்றாள். அன்று இரவு நமக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

நிற்க. நமது சகோதரர்களில் பலர் ஆங்கிலம் தெரியவில்லை என்றால் பெரிய சொற்கள் தெரியவில்லை என்று நினைக்கிறார்கள். அது சரியல்ல என்பதே நமது அபிப்பிராயம். "எக்ஸ்பைரி" என்ற பெரிய சொல் நமக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரியாத பெரிய சொல்லுக்கு அகராதி உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம் உண்டு; அவ்வளவு கனமான புத்தகம் வேண்டாமென்றால் கைப்பேசி உண்டு. பெரிய சொல்லைக் கண்டால் நாம் நின்று பார்க்கிறோம், கேட்கிறோம். சின்னச் சொல்லைக் கண்டால் "இது தெரிந்ததுதானே" என்று தாண்டிப் போகிறோம். நஷ்டம் அங்கேதான் இருக்கிறது.

மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். நஹ்வு பாடத்தில் முதலில் நம் கையில் கொடுக்கப்பட்ட சிறிய கிதாபு ஆஜுரூமிய்யா அல்லவா? மொராக்கோ தேசத்து ஃபெஸ் நகரில் வாழ்ந்து 1323இல் காலமான இப்னு ஆஜுரூம் அவர்கள் இயற்றியது. அதன் தொடக்கத்திலேயே சொற்கள் மூன்று வகை என்று படித்தோம்: இஸ்மு, ஃபிஃலு, ஹர்ஃபு. பெயர், வினை, இவ்விரண்டையும் சேர்த்துக் கட்டும் சிறு சொல். ஆங்கில இலக்கணத்தார் எட்டு வகை என்று பிரிப்பார்கள். பள்ளிக்கூடப் பரீட்சைக்கு எட்டு வேண்டியிருக்கலாம். கடை வைத்திருப்பவனுக்கு மூன்றே போதும். ஒரு கடிதத்தில் இஸ்மு என்னவென்று நமக்கு அநேகமாகத் தெரியும்: சரக்கு, பணம், தேதி, ஆளின் பெயர். ஃபிஃலும் பாதி தெரியும். நம்மைக் கவிழ்ப்பது ஹர்ஃபு.

ஆகையால், ஆங்கில வாக்கியம் ஒன்றைக் கையில் எடுத்தால் உஸ்தாது நம்மிடம் கேட்ட அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். ஃபிஃலு எது? ஃபாயில் யார்? மஃப்ஊல் எது? தமிழில் இவை பயனிலை, எழுவாய், செயப்படுபொருள். "ளரப ஸைதுன் அம்ரன்" என்று எத்தனை நாள் பலகையின் முன் உட்கார்ந்து சொல்லியிருக்கிறோம்! ஸைது அம்ரை அடித்தான். (பாவம் அந்த அம்ரு, எல்லா மத்ரஸாவிலும் அடி வாங்கிக்கொண்டே இருக்கிறார்.) அரபியில் "உன்" என்று முடிந்தவன் அடித்தவன், "அன்" என்று முடிந்தவன் அடிபட்டவன், பெயர்களை முன்பின்னாக மாற்றினாலும் பொருள் மாறாது. தமிழிலும் அப்படியே. "ஸைது அம்ரை அடித்தான்" என்றாலும் "அம்ரை ஸைது அடித்தான்" என்றாலும் அடி வாங்கியவர் அம்ருதான். "ஐ" என்ற உருபு அவரைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

ஆங்கிலத்தில் இந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கே பெயருக்கு வாலில்லை. உட்கார்ந்திருக்கும் இடம்தான் பேசும். வினைக்கு முன்னால் நிற்பவர் செய்தவர், பின்னால் நிற்பவர் பெற்றவர். "அலி பெய்ட் காதர்" என்றால் அலி காதருக்குப் பணம் கொடுத்தார். "காதர் பெய்ட் அலி" என்று மாறினால் கடன்காரர் மாறிவிடுகிறார். தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதால், நமக்குக் கடைசிவரை காத்திருந்தே பழக்கம். ஆங்கிலத்தில் வினை நடுவில் வந்துவிடுகிறது. எனவே முதலில் நடுவில் இருக்கும் வினையைத் தேடி அதன் கீழே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பிறகு அதற்கு முன்னும் பின்னும் பாருங்கள். நீண்ட வாக்கியமானாலும் பாதி முடிச்சு அங்கேயே அவிழ்ந்துவிடும்.

இன்னொரு கண்ணி உண்டு. "காதர் பெய்ட்" என்றால் காதர் கொடுத்தார். "காதர் வாஸ் பெய்ட்" என்றால் காதருக்குக் கொடுக்கப்பட்டது. நடுவில் ஒரு "வாஸ்" நுழைந்தவுடன் பணம் எதிர்த்திசையில் போய்விட்டது! இது வேறொன்றுமில்லை, நாம் ஓதிய மஃரூஃபும் மஜ்ஹூலும்தான். "ளரப" என்பது "ளுரிப" ஆனால் அடித்தவன் மறைந்து அடிபட்டவன் முன்னுக்கு வருகிறான் அல்லவா? கம்பெனிக் கடிதங்களில் இந்த மஜ்ஹூல் மிகவும் அதிகம். "தரப்படும்", "கழிக்கப்படும்", "திருப்பி அனுப்பப்படும்" என்று இருக்கும். தருகிறவர் யார், கழிக்கிறவர் யார் என்று இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் ஓரத்தில் "யார்?" என்று எழுதி வைத்துக்கொண்டு, அனுப்பியவரிடமே கேட்டுவிட வேண்டும். கேட்பது அவமானமல்ல.

இனி நாள், தவணை சம்பந்தமான சொற்கள். பணம் "பை 30 ஜூன்" என்று எழுதியிருந்தால் 30ஆம் தேதியோ அதற்கு முன்போ ஒரு தடவை கொடுத்து முடித்துவிட வேண்டும். "அன்டில் 30 ஜூன்" என்றால் அதுவரை ஒரு காரியம் தொடர்ந்து நடக்கும். சலுகை விலை "அன்டில்". பாக்கி அடைப்பது "பை". நாம் இரண்டையும் "வரை" என்று மொழிபெயர்த்துக்கொள்வதால் குழப்பம். "பை" என்பதை "க்குள்" என்று சொல்லிப் பாருங்கள், தெளிந்துவிடும். "வித்தின் 30 டேஸ்" என்றால் முப்பது நாட்களுக்குள். ஆனால் எந்த நாளிலிருந்து என்று அதே வரியிலோ அடுத்த வரியிலோ எழுதியிருக்கும். இன்வாய்ஸ் தேதியிலிருந்தா, சரக்கு கைக்கு வந்த தேதியிலிருந்தா என்று பார்க்காமல் மேலே போகக்கூடாது.

"ஷல்", "மே" என்ற இரண்டையும் ஆங்கில இலக்கணத்தார் வினையில் சேர்ப்பார்கள். நாம் ஹர்ஃபுடன் சேர்த்துக் கவனிப்பதே வசதி என்போம். ஒப்பந்தத் தாளில் "ஷல்" என்று வந்தால் அது ஃபர்ளு மாதிரி. செய்தே ஆக வேண்டும். "மே" என்று வந்தால் முபாஹ் மாதிரி. செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். "சொந்தக்காரர் மே", "குடியிருப்பவர் ஷல்" என்று ஒரு தாள் முழுவதும் இருந்தால், எவருக்கு இஷ்டம், எவருக்குக் கட்டாயம் என்று எண்ணிப் பார்த்தபின் பேனாவை எடுங்கள்.

"அன்லெஸ்" என்பதற்கு அநேகர் "இல்லை" என்று மட்டும் பொருள் கொள்கிறார்கள். அதற்கு நமது தமிழில் நேரான பிரயோகமே இருக்கிறது: "ஆலொழிய". இரசீது காட்டினாலொழியச் சரக்கு மாற்றித் தரப்படமாட்டாது. இதில் "இரசீது காட்டினால்" என்பதே உயிர். "அன்லெஸ்" கண்டவுடன் வாக்கியத்தை இரண்டாக மடித்து, பின்பாதியை முதலில் வாசித்தால் விளங்கும்.

காலத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த ஊர்க் கடைத்தெரு இங்கிலீஷில் வினைக்குக் காலம் கிடையாது. "யெஸ்டர்டே ஐ கால் ஆல்ரெடி" என்று நாமும் சொல்வோம், எதிர்க்கடைச் சீனரும் சொல்வார். மலாய் மொழியில் வினைச்சொல் காலத்திற்காக மாறுவதில்லை. "சூடா" என்றால் ஆகிவிட்டது, "பெலும்" என்றால் இன்னும் ஆகவில்லை. அவ்வளவில் வேலை முடிகிறது. சீன பாஷைகளிலும் காலத்திற்காக வினை உருமாறாது. அந்தப் பழக்கம் இங்கிலீஷிலும் ஏறிக்கொண்டது. பேச்சுக்கு அது போதும். யாரும் யாரையும் தப்பாக நினைப்பதில்லை. இதை இழிவாகப் பேசுகிறவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. ஆனால் தாளில் அப்படியல்ல. "ஹாஸ் பீன் ஷிப்ட்" என்றால் சரக்கு கப்பல் ஏறிவிட்டது. "வில் பி ஷிப்ட்" என்றால் இனிமேல்தான் ஏறும். நமக்குத் தெரிந்த ஜவுளி வியாபாரி ஒருவர் "ஷிப்ட்" என்ற சொல்லை மட்டும் கண்டு மீதிப் பணத்தையும் அனுப்பிவிட்டார். பெருநாளுக்கு வரவேண்டிய துணி பெருநாள் கழிந்து மூன்றாம் வாரம் வந்து சேர்ந்தது. அவர் இன்று வரை அந்தத் துணியைத் தள்ளுபடியில் விற்றுக்கொண்டிருக்கிறார் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள்.

"ஸ்" என்ற எழுத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு: "டிரேடர் செல்ஸ்", "டிரேடர்ஸ் செல்". ஒருவர் என்றால் வினையில் "ஸ்", பலர் என்றால் பெயரில் "ஸ்". பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வரும். இது தவறினால் யாருக்கும் காசு நஷ்டமில்லை. ஆதலால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வாசிப்புப் பழக்கத்திற்கு வருவோம். தமிழில் எழுதியதை வாசிக்கப் பெரும்பாலும் எழுத்துத் தெரிந்தால் போதும். ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, ஓசை ஒன்று. கடன் என்ற பொருளுடைய "டெட்" என்ற சொல்லில் "பி" எழுத்து பேசாமல் ஒளிந்திருக்கிறது. "ரிசீட்" என்ற சொல்லில் "பீ" எழுத்து அப்படியே. கடனிலும் இரசீதிலும் ஒளிந்திருக்கிறது பாருங்கள், வியாபாரிக்குச் சரியான எச்சரிக்கைதான்! ஆனால் உச்சரிப்புக்காக ஆரம்பத்தில் அதிகம் கவலைப்பட வேண்டாம். சத்தமாக, தடையின்றி வாசித்துவிட்டு, என்ன வாசித்தோம் என்று தெரியாமல் இருப்பவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். வாய் வாசிப்பது வேறு, மனம் விளங்குவது வேறு. வாசித்து முடித்ததும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதிலுள்ளதைத் தமிழில் இரண்டு வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லை என்றால் வாசிக்கவில்லை என்று பொருள்.

எதை வாசிப்பது? கதைப் புத்தகத்தில் தொடங்க வேண்டாம் என்பது நமது அனுபவம். முதல் பாடப் புத்தகம் உங்கள் மேஜை இழுப்பறையில் இருக்கிறது: பழைய இன்வாய்ஸ், மின்சாரக் கட்டணச் சீட்டு, பேங்குக் கடிதம், காப்புறுதித் தாள். அதிலுள்ள விஷயம் உங்களுக்கு முன்பே தெரியும்; பாஷை மட்டுமே புதிது. கடை அடைத்தபின் இருபது நிமிஷம், ஒரு நாளைக்கு ஒரு பத்தி. முதல் தடவை சும்மா வாசித்தல், இரண்டாம் தடவை வினைகளுக்குக் கோடு போடுதல், மூன்றாம் தடவை சின்னச் சொற்களைச் சுற்றி வட்டம் போடுதல். பிறகு ஒரே ஒரு வாக்கியத்தைக் கணக்கு நோட்டில் எழுதி, அதில் ஒரு சின்னச் சொல்லை மட்டும் மாற்றி எழுதிப் பாருங்கள். "பை" இருந்த இடத்தில் "அன்டில்", "ஷல்" இருந்த இடத்தில் "மே". பொருள் எங்கே போகிறது என்று பாருங்கள். நமக்கு இலக்கணம் ஏறியது இந்த விளையாட்டில்தான்.

இந்த ஊரில் நமக்கு இன்னொரு வசதி இருக்கிறது. சிங்கப்பூரில் ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகிய நான்கும் அதிகாரத்துவ மொழிகள் ஆகையால், அரசாங்கத்தின் பல துண்டுப் பிரசுரங்கள் நான்கிலும் கிடைக்கின்றன. ஆங்கிலத்தையும் தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். பத்திரிகையும் அப்படியே. 1935 முதல் வரும் தமிழ் முரசில் ஒரு செய்தியை முதலில் படித்துவிட்டு, அதே செய்தியை 1845 முதல் வெளிவரும் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸில் தேடி வாசித்தால், தெரிந்த வீட்டிற்குள் வேறு வாசல் வழியாகப் போவது போல இருக்கும். விக்டோரியா ஸ்திரீட்டில் 2005இல் திறக்கப்பட்ட தேசிய நூலகக் கட்டடத்திற்குப் போகாத சகோதரர்கள் ஒரு விடுமுறை நாளில் போய் வாருங்கள். அங்கே சிறுவர் பகுதியிலிருந்து புத்தகம் எடுக்க வெட்கப்பட வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு என்று நினைத்துக்கொள்வார்கள்.

கைப்பேசி மொழிபெயர்த்துக் கொடுத்துவிடுகிறதே, பிறகு ஏன் இந்தச் சிரமம் என்று வாலிபர்கள் கேட்பார்கள். நாமும் அதை உபயோகிக்கிறோம். விஷயத்தின் சாரம் தெரிந்துகொள்ள நல்லது. ஆனால் கையெழுத்து நம்முடையது, கைப்பேசியுடையதல்ல. அது சொன்னது சரிதானா என்று பார்க்கும் அளவுக்காவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

வயதாகிவிட்டது என்று சொல்கிறவர்களுக்கு ஒரு பழைய விஷயம். 1796இல் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா அவர்கள் அரபுநாட்டு வம்சமும் நமது தமிழ் வம்சமும் கலந்தவர். தம் வாழ்க்கையைத் தாமே எழுதி 1849இல் அச்சிட்ட ஹிக்காயத்தில், சிறு வயதில் தம்மைத் தமிழ் படிக்க அனுப்பியதைச் சொல்கிறார். அக்காலத்து மலாக்காவில் வசதியுள்ள குடும்பங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பது வழக்கமாம். கணக்குப் பார்க்கவும், அங்கே நிறைந்திருந்த இந்திய வியாபாரிகளோடு பேசவும் அது உதவியதாம். வியாபாரத்திற்காக நமது பாஷையைப் பிறர் உட்கார்ந்து கற்ற காலம் அது. அவரோ தமிழோடு நிற்காமல் பாதிரிமார்களுக்கு மலாய் சொல்லிக் கொடுத்துக்கொண்டே அவர்களிடம் ஆங்கிலமும் கற்றார். கொடுத்து வாங்குவது நமக்குத் தெரியாத தொழிலா?

நமது கடை இப்போது பின் சந்தில் இருக்கிறது. பழைய வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் தேடிக்கொண்டு வந்தார்கள், பாதிப்பேர் வரவில்லை. மாமாவிடம் தொலைபேசியில் சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, பிள்ளைகள் சுகமா?" என்று கேட்டார். அவ்வளவுதான். புதிய ஒப்பந்தத்தை மகளும் நாமும் ஒன்றாக உட்கார்ந்து இரண்டு இரவு வாசித்தோம். அவள் சொற்களைச் சொன்னாள், நாம் ஃபாயிலையும் மஃப்ஊலையும் தேடினோம். ஓரிடத்தில் அவளும் தடுமாறினாள். அங்கே நமது நஹ்வுதான் கைகொடுத்தது. அதில் நமக்கு உண்டான சந்தோஷத்தை எழுதினால் பெருமையாகத் தோன்றும்.

கடைசியாக, பயிற்சிக்கு ஒரு வாக்கியம் தருகிறோம். இது நாமே எழுதியது, ஆங்கில எழுத்தில் எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள்: "தி டெபாசிட் ஷல் பி ரிட்டர்ன்ட் வித்தின் ஃபோர்ட்டீன் டேஸ் அன்லெஸ் தி டெனண்ட் ஹாஸ் நாட் பெய்ட் தி ரென்ட்." கேள்விகள் மூன்று. முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டியவர் யார் என்று இதில் எழுதியிருக்கிறதா? வாடகை பாக்கி இல்லாதவருக்குப் பணம் திரும்ப வருமா, வராதா? பதினான்கு நாள் என்பது எந்த நாளிலிருந்து? விடையை ஒரு சீட்டில் எழுதிக் கடைக்குக் கொண்டுவாருங்கள். ஜுஹர் தொழுகைக்குப் பின் நாம் கடையில்தான் இருப்போம், தேநீர் உண்டு.